ஊசித்தட்டான் வாலில் சாயம் ஏறிய கதை

அந்தக் காலத்தில், வாய் இருந்ததெல்லாம் பேசியது, காது இருந்ததெல்லாம் கேட்டது. நண்டு ஒன்று சொன்னால் நாரை பதில் சொல்லும். மனிதர்களும் நடுவில் புகுந்து தங்கள் பங்குக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். யாரும் அதை அதிசயமாக நினைக்கவில்லை.

அப்போது கடற்கரைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கழுவெளி இருந்தது. கழுவெளி என்றால் ஏரியும் இல்லை, கடலும் இல்லை. மேற்கேயிருந்து ஏரியின் நல்ல தண்ணீர் வழிந்து வரும். கிழக்கேயிருந்து கடலின் உப்புத் தண்ணீர் ஏறி வரும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் முழங்கால் சேறும், ஆள் உயரத்துக்குக் கோரையும். மேற்கு ஓரத்தில் ஒரு தாமரைக்குளம் இருந்தது. நடுவில் ஒரு வாய்க்கால் ஓடியது. கிழக்கு ஓரத்தை உப்பங்கரை என்பார்கள்.

இந்த மூன்று இடத்திலும் ஊசித்தட்டான்கள் குடியிருந்தார்கள். தட்டானுக்குத் தூரத்துச் சொந்தம்தான். ஆனால் தட்டானைப் போல வாட்டசாட்டம் கிடையாது. உடம்பு ஊசி மாதிரி, இறக்கை வெங்காயச் சருகு மாதிரி. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் எங்கே போகிறோம் என்று காற்றைத்தான் கேட்க வேண்டும்.

அப்போது அவர்களுக்கு நிறம் என்று ஒன்று இல்லை. தண்ணீரின் நிறம்தான் அவர்கள் நிறம். தாமரைக்குளத்துக்காரனுக்கும் உப்பங்கரைக்காரனுக்கும் வாய்க்கால்காரனுக்கும் தலை முதல் வால் வரை ஒரு வித்தியாசமும் சொல்ல முடியாது. பெயரில்கூட அவர்கள் மெனக்கெடவில்லை. ஆணாகப் பிறந்தவன் எல்லாம் நாணலான். பெண்ணாகப் பிறந்தவள் எல்லாம் இழைச்சி. எவன் எந்தத் தண்ணீர்மேல் உட்கார்ந்திருக்கிறானோ அவன் அந்தத் தண்ணீர்க்காரன், அவ்வளவுதான் கணக்கு. காற்று அடிக்காத வரைக்கும் அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது.

காற்று அடித்தால்தான் வம்பு. மூன்று இடத்துக் கூட்டமும் ஒன்றாகக் கலந்துவிடும். கலந்தால் என்ன என்று கேட்கலாம். ஊசித்தட்டான் பெண், தண்ணீரில் நிற்கிற தண்டை வாலால் கீறி, அதற்குள்தான் முட்டை வைப்பாள். ஆணும் பெண்ணும் ஒரே தண்ணீரில் வளர்ந்தவர்களாக இருந்தால் முட்டை பொரிக்கும். இல்லாவிட்டால் முட்டை தண்டுக்குள்ளேயே கருகிப் போகும். தண்டும் வெளியே பழுப்பாகிவிடும்.

தாமரைக்குளத்து இழைச்சி ஒருத்திக்கு இது நன்றாகத் தெரியும். அவளுடைய அக்காளுக்கு அப்படித்தான் ஆனது. அக்காள் ஒரு காற்று நாளில், தன் புருஷன் என்று நம்பி உப்பங்கரைக்காரன் ஒருவனோடு திரும்பி வந்தாள். அவன் கெட்டவன் இல்லை. அவனும் இவள் தன் மனைவி என்றுதான் நினைத்திருந்தான். அக்காள் தாமரைத் தண்டில் முட்டை வைத்தாள். தண்டு பழுத்தது. அவள் அந்தத் தண்டை விட்டு எழவே இல்லை. சாப்பிடவும் பறக்கவில்லை. ஒருநாள் காலையில் தண்டு இருந்தது, அவள் இல்லை.

ஊசித்தட்டானுக்கு ஆயுசு கொஞ்சம். ஒரு பௌர்ணமியைப் பார்த்தவன் அடுத்த பௌர்ணமியைப் பார்ப்பது அபூர்வம். அதனால் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்கிற பேச்சே அவர்களிடம் கிடையாது.

தங்கைக்காரி இழைச்சிக்கும் நாள் நெருங்கியது. அவளும் அவள் நாணலானும் ஒரே விடியலில் ஒரே தாமரைத் தண்டில் ஏறி, பழைய தோலைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் இறக்கை காய வைத்தவர்கள். ஒரு காலையில் அவளுக்கு வயிறு கனத்தது. "இன்னிக்கு வெச்சிடணும்," என்றாள். "நல்ல தண்டாப் பார்ப்போம்," என்றான் அவன். இரண்டு பேரும் குளத்தின்மேல் கிளம்பினார்கள். அப்போதுதான் ஒரு சுழற்காற்று எழும்பியது.

காற்று ஓய்ந்தபோது இழைச்சி கழுவெளியின் நடுவில், ஒரு கோரைத் தாளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கண்ணுக்கு எட்டின மட்டும் ஒவ்வொரு தாளிலும் ஓர் ஊசித்தட்டான். எல்லாம் தண்ணீர் நிறம்.

"நாணலான்," என்று கூப்பிட்டாள்.

"என்னம்மா?" என்று கோரைக்காடு முழுக்கப் பதில் வந்தது.

"நீ இல்லை. என் நாணலான்."

"அது நான்தான்," என்றான் ஒருவன், பக்கத்துத் தாளிலிருந்து.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பார்த்து என்ன தெரியப் போகிறது. "நீ தாமரைக்குளமா?"

"தாமரைக்குளமேதான்."

"அங்கே தண்ணி எப்படி இருக்கும், சொல்லு."

"நல்ல தண்ணி. உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும். மத்தபடி நல்ல தண்ணி."

இழைச்சி அடுத்த தாளுக்குப் பறந்தாள். அங்கே இருந்தவனிடம் வாயைத் திறக்குமுன் அவன் முந்திக்கொண்டான். "உப்பே இருக்காது," என்றான். அதற்கடுத்தவனும், "உப்பா? எங்க குளத்துலயா?" என்றான். ஒருவன் வாயிலிருந்து இன்னொருவன் காதுக்குப் பதில் போய்விட்டது. வேறு எதைக் கேட்டுப் பிரிப்பது? எல்லோருக்கும் ஒரே கதைதான். விடியலில் ஒரு தண்டில் ஏறினார்கள், தோலை உரித்தார்கள், இறக்கை காய்ந்தது.

சூரியன் உச்சியைத் தாண்டிவிட்டது. அவளுக்கு வயிறு இன்னும் கனத்தது. களைத்துப்போய், வாய்க்காலில் மிதந்து வந்த ஒரு கோரைக் கட்டின்மேல் உட்கார்ந்தாள். கட்டு அவளைச் சுமந்துகொண்டு மெதுவாகக் கரைக்குப் போனது.

அது கோரை அறுப்புக் காலம். ஊர்ப் பெண்கள் சேற்றில் இறங்கிக் கோரையை அறுப்பார்கள், கட்டுவார்கள், வாய்க்காலில் தள்ளிவிடுவார்கள். தலையில் சுமந்து சேற்றில் நடக்க முடியாது அல்லவா, அதனால் தண்ணீரே கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். எல்லா வீட்டுக் கட்டும் கரையில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடக்கும். சாயங்காலம் அவரவர் கட்டை அவரவர் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இழைச்சி உட்கார்ந்திருந்த கட்டைக் கரையிலிருந்த ஒருத்தி இழுக்கப் பார்த்தாள்.

"ஏ, அது எங்க கட்டு. கையை எடு," என்று தண்ணீருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. குரலுக்குச் சொந்தக்காரி பூங்காவனம். இடுப்பு வரை சேறு, கையில் அரிவாள். கழுவெளியில் அவள் அளவுக்கு வேகமாகக் கோரை அறுக்கிறவள் கிடையாது. அவள் அளவுக்குச் சத்தம் போடுகிறவளும் கிடையாது.

"கோரையில உன் பேரு எழுதியிருக்கா?" என்றாள் கட்டை இழுத்த பக்கத்து வீட்டுக்காரி.

"வாலைப் பாரு. சிவப்பு தெரியலை? உன் கட்டு மஞ்சள். உனக்கு மஞ்சளும் சிவப்பும் தெரியாமப் போனது எனக்கு எப்படித் தெரியும்?"

பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள். கட்டின் வால் முனையில் சிவப்புச் சாயம் தோய்த்த ஒரு கோரை இழை முடிச்சுப் போட்டிருந்தது. "அட ஆமா," என்று விட்டுவிட்டு, மஞ்சள் முடிச்சு போட்ட கட்டைத் தேடிப் போனாள்.

இழைச்சி அந்த முடிச்சைப் பார்த்தாள். கரை முழுக்க முட்டிக்கொண்டு கிடந்த கட்டுகளைப் பார்த்தாள். எல்லாம் ஒரே கோரை, ஒரே பச்சை, ஒரே பருமன். வால் முனைகள் மட்டும் சிவப்பு, நீலம், மஞ்சள்.

"அக்கா," என்றாள்.

பூங்காவனம் குனிந்து தேடினாள். "யாரு கூப்பிட்டது?"

"இங்கே, உங்க கட்டு மேலே. எங்க வாலுக்கும் ஒரு முடிச்சுப் போட்டு விடறீங்களா?"

பூங்காவனம் சிரித்தாள். ஆனால் இழைச்சி சிரிக்காததைப் பார்த்து, அரிவாளை இடுப்பில் செருகிவிட்டுக் கரையேறினாள். "என்ன பொண்ணு, விஷயத்தைச் சொல்லு."

இழைச்சி சொன்னாள். காற்றைச் சொன்னாள், கோரைக்காடு முழுக்க இருக்கிற நாணலான்களைச் சொன்னாள், வயிறு கனப்பதைச் சொன்னாள். அக்காளை மட்டும் சொல்லவில்லை. அது வாயில் வரவில்லை.

பூங்காவனம் சிவப்புக் கோரையிலிருந்து முடி மாதிரி ஓர் இழையைக் கிழித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, இழைச்சியின் வால் நுனியில் முடிச்சுப் போட்டாள். இழைச்சி பறக்கப் பார்த்தாள். தலை மேலே போனது, வால் கீழே இழுத்தது. ஒரு குட்டிக்கரணம் போட்டுப் பூங்காவனத்தின் புடவை மடிப்பிலேயே வந்து விழுந்தாள்.

"இது ஆகாது," என்று பூங்காவனம் முடிச்சை அவிழ்த்தாள். "கட்டறது சரிப்படாது. தோய்க்கத்தான் வேணும். ஆனா சாயம் என்னுது இல்லையே."

சாயம் செவந்தியுடையது. செவந்தி பூங்காவனத்தின் நாத்தனார், அதாவது புருஷனுடன் கூடப் பிறந்தவள். வரும் வளர்பிறையில் அவளுக்குக் கல்யாணம். அந்தப் பக்கத்து வழக்கம் என்னவென்றால், பெண் தன் கையால் சாயம் போட்டு, தன் கையால் நெய்த பாயைப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதை எல்லோர் முன்னாலும் விரிப்பார்கள். மாமியார் வந்து அதில் முதலில் உட்காருவாள். சிவப்பும் நீலமும் மஞ்சளும் கலந்த பாயாக இருந்தால் பேச்சே இல்லை. வெறும் பாயாக இருந்தால், "இவ வெறும் பாய்க்காரி," என்று பேரப் பிள்ளை எடுக்கிற வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

கரையில் ஒரு புங்கமரத்து நிழலில் செவந்தி மூன்று பானைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றில் சாயவேரின் சிவப்பு. ஒன்றில் மஞ்சள். ஒன்றில் அவுரியின் நீலம். வெயில் காலம் முழுக்கச் சேர்த்த வேரும் இலையும் அந்தப் பானைகளில்தான் இருந்தன. அவுரி புளித்து இன்றைக்குத்தான் பதம் வந்திருந்தது. இன்றைக்குத் தோய்த்தால் உண்டு, நாளைக்குக் கெட்டுவிடும்.

"என்ன அண்ணி, கோரை எங்கே? கையை வீசிக்கிட்டு வரீங்க," என்றாள் செவந்தி.

"கோரை வருது. அதுக்கு முன்னாடி இந்தப் பொண்ணுக்கு ஒரு உதவி."

பூங்காவனத்தின் விரலில் உட்கார்ந்திருந்த இழைச்சியைச் செவந்தி பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டு மூக்கைச் சுளித்தாள். "என் கல்யாணச் சாயத்தை இந்தக் கொசுவுக்கா?"

"கொசு இல்லை," என்றாள் இழைச்சி. "கொசுவைச் சாப்பிடறவங்க. ராத்திரி உன்னைக் கடிக்காம இருக்கறதுல பாதி எங்களால."

செவந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாயைப் பாரு. சரி, உன் ஒருத்திக்குன்னா தோய்ச்சுக்கோ. ஒரு துளிதானே."

"என் ஒருத்திக்குத் தோய்ச்சு என்ன பண்றது? நான் யாருன்னு எனக்குத் தெரியும். அவங்க யாருன்னுதான் தெரியலை."

"அவங்கன்னா?"

பூங்காவனம் கையைக் கழுவெளிப் பக்கம் நீட்டினாள். வெயில் சாய்ந்து அடித்ததில் கோரைத் தாள்களின் மேலெல்லாம் சின்னச் சின்ன மினுக்கல் தெரிந்தது. அது அத்தனையும் ஊசித்தட்டான்.

செவந்தி தன் முழங்கையால் பானைகளை மறைத்துக்கொண்டாள். "அண்ணி, உங்களுக்குக் கிறுக்கா? நான் வெறும் பாயைக் கொண்டுபோய் விரிக்கணுமா? நம்ம வீட்டுக்கு நீங்க கொண்டு வந்த பாயில எத்தனை நிறம் இருந்தது?"

"நிறம் இருந்தது," என்றாள் பூங்காவனம். "உங்க அம்மா அதுல உட்கார்ந்துகிட்டுத்தான் என்னைத் திட்டினாங்க."

இதற்குச் செவந்தி சிரிக்கவில்லை. அப்போதுதான் இழைச்சி, வாயில் வராததைச் சொன்னாள். அக்காள் எப்படி ஏமாந்து வந்தாள், தண்டு எப்படிப் பழுத்தது, அவள் எப்படி அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னாள். "நான் போய்க் கூப்பிடுவேன், வரமாட்டா. 'இன்னும் கொஞ்சம் பார்க்கறேன், உள்ளே ஏதோ அசையற மாதிரி இருக்கு'ம்பா. ஒண்ணும் அசையலை," என்றாள்.

செவந்தி ஒரு குச்சியால் சிவப்புப் பானையைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"அண்ணி," என்றாள் பிறகு. "நான் மாப்பிள்ளையை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அதுவும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு. காலுதான் நல்லாத் தெரிஞ்சது. கூட்டத்துல நிறுத்தி வெச்சு எவர்னு கேட்டா எனக்கும் சொல்லத் தெரியாது."

"உனக்கென்னடி, மாலை போட்டிருப்பாங்க," என்றாள் பூங்காவனம்.

"அதைத்தான் சொல்றேன். எனக்கு மாலையாவது போட்டிருப்பாங்க." செவந்தி குச்சியை உதறிக் கீழே வைத்தாள். முழங்கையை எடுத்தாள். "கூப்பிடு உன் ஆளுங்களை. சீக்கிரம். நான் மனசு மாறறதுக்குள்ளே."

இழைச்சி நீலப் பானையின் விளிம்பில் ஏறி நின்று கூப்பிட்டாள். "உப்பங்கரைக்காரங்க நீலத்துக்கு வாங்க. வாய்க்கால்காரங்க மஞ்சளுக்கு. தாமரைக்குளத்துக்காரங்க சிவப்புக்கு."

கூட்டம் வந்தது. ஆண்கள் முதலில் வந்தார்கள். அவர்கள் முந்திரிக்கொட்டைகள் என்பது ஒரு காரணம். வயிற்றில் முட்டை இருந்ததால் பெண்கள் மெல்லத்தான் பறக்க முடிந்தது என்பது இன்னொரு காரணம்.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றாள் பூங்காவனம். "பொய் சொல்லி வேற பானைக்குப் போறவங்க போகலாம். எனக்கு ஒண்ணும் நஷ்டம் இல்லை. ஆனா இது பாய்ச் சாயம், வெளுக்காது. நாளைக்கு உன் தாய்மாமனே உன்னைப் பார்த்து, 'யாருப்பா நீ, வெளியூரா?'ம்பான்."

சிவப்புப் பானைக்குப் பக்கத்தில் நின்ற ஒருவன் சத்தமில்லாமல் நீலத்துக்கு நகர்ந்தான். உப்பு தூக்கலாக இருக்கும் என்று சொன்னவன்தான் அவன்.

முதல் ஆளைப் பூங்காவனம் ஓர் இறக்கையைப் பிடித்துத் தூக்கினாள். அவன் மற்ற மூன்று இறக்கையையும் அடித்ததில் சாயம் தெறித்துச் செவந்தியின் கன்னத்தில் பட்டது. காலைப் பிடித்தால் கால் தாங்காது. உடம்பைப் பிடித்தால் நசுங்கிவிடும். பூங்காவனம் யோசித்தாள். பிறகு அவன் நான்கு இறக்கையையும் முதுகுக்கு மேலே ஒன்றாகச் சேர்த்து, புத்தம்புதுப் பாய்க்குக் கோரைத் தாள் எடுக்கிற பதத்தில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெல்லப் பிடித்தாள். அவன் அசையாமல் இருந்தான். வால் நுனியைச் சாயத்தில் தொட்டு எடுத்தாள்.

"வலிக்குதா?"

"இல்லை. கூச்சமா இருக்கு."

"இறக்கையை இப்படியே மூடிக்கிட்டுப் போய் ஒரு தாள் மேலே உட்காரு. காயற வரைக்கும் விரிக்காதே. விரிச்சா பூசிக்கும்."

அவன் அப்படியே செய்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் செய்தார்கள். ஒவ்வொருவராக இறக்கையை முதுகின்மேல் மூடி வைத்துக்கொண்டு, வாலை நீட்டிக்கொண்டு, கரையோரக் கோரை முழுக்க வரிசையாக உட்கார்ந்தார்கள். செவந்தியும் பார்த்துக் கற்றுக்கொண்டு மஞ்சள் பானைக்கு உட்கார்ந்தாள். அவளிடம் வந்த முதல் வாய்க்கால்காரன் பயந்து துள்ளினான். அவள் பிடி நழுவியது. அவன் இடுப்பு வரை மஞ்சளுக்குள் இறங்கி எழுந்தான். அவன் எழுந்து நின்ற அழகைப் பார்த்துவிட்டு, அடுத்து வந்த வாய்க்கால்காரர்கள் எல்லாம், "எனக்கும் அது மாதிரி முழு வால்," என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

"கேக்கறதைப் பாரு, கல்யாணப் பொண்ணு இவங்கதாங்கற மாதிரி," என்று செவந்தி முனகினாள். ஆனால் முழு வாலும் தோய்த்துத்தான் விட்டாள்.

அந்த நேரத்தில் பெரிய தட்டான் ஒருவர் வந்து புங்கமரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். "என்ன கூட்டம்?"

"வாங்க பெரியப்பா," என்றாள் இழைச்சி. "உங்களுக்கும் ஒரு துளி தோய்க்கச் சொல்லட்டுமா?"

"என் இறக்கையை மடக்கி ஒரு பொம்பளை பிடிக்கிறதா? கழுவெளியில என்னை யாருக்கும்மா தெரியாது?" என்று சொல்லிவிட்டு, நான்கு இறக்கையையும் விரித்தபடி ஒரு கழியின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டார். கடைசி வரைக்கும் மடக்கவில்லை.

துளித் துளியாகத்தான் எடுத்தார்கள். ஆனால் கழுவெளி முழுக்கத் துளி எடுத்தால் பானை என்ன ஆகும்? பெண்கள் மெல்லப் பறந்து வந்து சேர்ந்தபோது மூன்று பானையிலும் அடிவண்டல்தான் இருந்தது. பூங்காவனம் வாய்க்கால் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி, பானையைச் சுழற்றிக் கழுவினாள். மூன்று சாயமும் கலந்து, சேறு மாதிரி, பாசி மாதிரி ஒரு நிறம் வந்தது. "இதுதான் இருக்கு, பொண்ணுங்களா," என்றாள். குரல் தாழ்ந்து போயிருந்தது.

பெண்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருத்தியும் அந்த மங்கல் நிறத்தைத் தொட்டுக்கொண்டு போனாள். இழைச்சி பானை விளிம்பிலேயே நின்று, வயிறு பெருத்தவர்களை முன்னால் விட்டாள். "உன்னோடது?" என்று செவந்தி கேட்டபோதெல்லாம், "அவ போகட்டும், அவளுக்கு இப்பவே வெக்கணும்," என்றாள். அவள் முறை வந்தபோது பூங்காவனம் பானையைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு சொட்டு விழுந்தது. அதுவும் மண்ணில் விழுந்தது.

"ஐயோ பொண்ணு," என்றாள் பூங்காவனம்.

"பரவாயில்லை அக்கா. அவரை நான் கண்டுபிடிச்சுடுவேன். சிவப்பு வால் இருக்கே," என்றாள் இழைச்சி.

அவள் கோரைக்குத் திரும்பினாள். இப்போது பார்வைக்குச் சுலபமாக இருந்தது. இந்தப் பக்கம் நீலம், அது உப்பங்கரை. அந்தப் பக்கம் முழு வால் மஞ்சள், அது வாய்க்கால். மேற்கே ஒரு திட்டு சிவப்பு. அவள் சிவப்புத் திட்டுக்குப் போனாள். போனவள் நின்றுவிட்டாள். அங்கேயும் தாளுக்கு ஒருவன் இருந்தான். எல்லோர் வாலும் ஒரே சிவப்பு. குளத்தைக் கண்டுபிடித்தாகிவிட்டது, தன் ஆள் எவன் என்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சூரியன் கோரையின் பாதி உயரத்துக்கு இறங்கிவிட்டது.

கூப்பிடலாமா என்று வாயைத் திறந்தாள். கூப்பிட்டால் அத்தனை பேரும், "என்னம்மா?" என்பார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

"நீதானா?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

திரும்பினாள். சிவப்பு வால் ஒருவன் இறக்கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எந்த நாணலான் நீ?" என்றாள் இழைச்சி.

"காலையில நல்ல தண்டாப் பார்ப்போம்னு சொன்னவன். எல்லாப் பொண்ணுங்களும் மங்கல் வாலோட வந்துக்கிட்டே இருந்தாங்க. எவ நீன்னு தெரியலை. ஒருத்தி மட்டும் பானை விளிம்பை விட்டு நகராம, மத்தவங்களை முன்னாடி விட்டுக்கிட்டே இருந்தா. கடைசியில வால்ல ஒண்ணுமே இல்லாம எழுந்தா. அவளை விட்டு நான் கண்ணை எடுக்கலை. நம்ம தண்டுலயும் நீ இப்படித்தான். 'உன் இறக்கை முதல்ல காயட்டும்'னு வெயிலை என் பக்கம் விட்டுட்டு நிழல்ல நின்னே."

இழைச்சி அவன் தாளுக்கே வந்து உட்கார்ந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "இப்போ கண்டுபிடிச்சுட்டே. குளத்துக்குப் போறதுக்குள்ளே இன்னொரு காத்து அடிச்சா? எனக்கு அடையாளம் கிடையாதே."

"அடிக்கட்டும்," என்றான் அவன். தன் சிவப்பு வாலை வளைத்து, அதன் நுனியால் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். இறுக்கமும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. "இப்படியே போவோம். நீ முட்டை வெச்சு முடிக்கிற வரைக்கும் விடமாட்டேன்."

அப்படியே இரண்டு பேரும் ஒரே கயிற்றில் கோத்தது போலப் பறந்து போனார்கள். பாதி வழியில் காற்று அடிக்கத்தான் செய்தது. பிடி விடவில்லை. தாமரைத் தண்டில் அவள் குனிந்து முட்டை வைத்தபோதும், அவன் அவள் கழுத்துக்கு மேலே விறைப்பாக நின்று காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதைப் பார்த்த மற்ற ஆண்களுக்கும் புத்தி வந்தது. மங்கல் வால்களை நம்பி எத்தனை நேரம் தேடுவது? வாலின் நிறம் பார்த்துத் தங்களைத் தேடி வந்த மனைவியை அவளவள் கழுத்தில் பிடித்துக்கொண்டு, நீலம் கிழக்கே, மஞ்சள் வாய்க்காலுக்கு, சிவப்பு மேற்கே என்று பிரிந்து போனார்கள். எல்லாம் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

கரையில் செவந்தி காலிப் பானைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பூங்காவனம் தன் கோரைக் கட்டின் வாலிலிருந்து சிவப்பு முடிச்சை அவிழ்த்தாள்.

"இந்தா. பாய் முடியற இடத்துல இதைச் சேர்த்து நெய். வெறும் பாய்னு எவளும் சொல்ல முடியாது. வால்ல சிவப்பு இருக்கே," என்றாள்.

"அப்போ நம்ம கட்டுக்கு அடையாளம்?"

"என் சத்தம் போதும்," என்றாள் பூங்காவனம்.

வளர்பிறையில் கல்யாணம் நடந்தது. தைப்பொங்கலுக்குச் செவந்தி புருஷனோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். மழை பெய்து கழுவெளி நிறைந்திருந்தது. அண்ணியும் நாத்தனாரும் தாமரைக்குளத்துக் கரைக்குப் போனார்கள். புருஷன்காரன் கொஞ்சம் பின்னால் வந்தான்.

"மாமியா என்ன சொன்னாங்க?" என்றாள் பூங்காவனம்.

"சொல்லாம இருப்பாங்களா? ஆனா அதை விடுங்க. அன்னிக்கு அவங்க ஊர்க் கோயில்ல பல கல்யாணம். எல்லாப் பொண்ணுக்கும் ஒரே மஞ்சப் புடவை, எல்லார் கையிலயும் கலர்ப் பாய். எல்லா மாப்பிள்ளைக்கும் மாலை போட்டிருந்தாங்க, அண்ணி. நான் முழிச்சுக்கிட்டு நின்னேன். இவர்தான் நேரா என்கிட்ட வந்தார். 'சாயத்தையெல்லாம் குடுத்துட்டவ நீன்னு கேள்விப்பட்டேன். வால்ல மட்டும் சிவப்பு இருக்கற பாய் நீ ஒருத்திதான். முகத்துல கவலையும் நீ ஒருத்திக்குத்தான்'னார்."

பூங்காவனம் திரும்பிப் புருஷன்காரனைப் பார்த்தாள். அவன் வெட்கப்பட்டு, தாமரை இலையைப் பார்க்கிற மாதிரி நின்றான்.

இழைச்சியும் அவள் நாணலானும் அப்போது இல்லை. அவர்கள் ஆயுசு அவ்வளவுதான். ஆனால் அவர்கள் முட்டை வைத்த தண்டு பச்சையாக நின்றது. அதன்மேல் அவர்கள் குஞ்சு ஒன்று தண்ணீரிலிருந்து ஏறி வந்தது. முதுகு வெடித்தது, தோல் கழன்றது. கசங்கிய இறக்கைகள் மெல்ல நீண்டு காய்ந்தன. காய்ந்ததும் அவன் அவற்றை முதுகின்மேல் சேர்த்து மூடிக்கொண்டான். பூங்காவனத்தின் விரல்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. வால் நுனியில் சிவப்பு இருந்தது. யாரும் தோய்க்காத சிவப்பு.

"நம்ம சாயம்," என்றாள் செவந்தி.

"உன் சாயம்டி," என்றாள் பூங்காவனம்.

பொழுதாகிவிட்டது என்று பூங்காவனம் முன்னால் நடந்தாள். புருஷன்காரன் அவள் பின்னால் போனான். செவந்தி மட்டும் இன்னும் கொஞ்சம் குனிந்து நின்று பார்த்தாள். பிறகு அவளும் எழுந்து, புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு, வரப்பின்மேல் நடந்து போனாள்.

அன்று முதல்தான் ஊசித்தட்டான் எந்தத் தண்ணீர்க்காரன் என்று அவன் வாலைப் பார்த்தே சொல்ல முடிகிறது; அன்று முதல்தான் தட்டான் இறக்கையை விரித்து உட்கார, ஊசித்தட்டான் மட்டும் மூடி உட்காருகிறான்; பெண்கள் மங்கலாகவே பிறக்கிறார்கள், ஆண் தன் மனைவியைக் கழுத்தில் பிடித்தபடியே முட்டை வைக்கக் கூட்டிப்போகிறான், எவ்வளவு காற்று அடித்தாலும் விடுவதில்லை.